இல்லாத கழிப்பறைக்கு நாலேகால் மார்க்

ஜூன் 5, திங்கள்

காலை ஆறரைக்கு நாற்காலி லோடு இறங்கியது. இருநூற்று நாற்பதில் பதினொன்றுக்குக் காலில் விரிசல். "வெயில்ல அப்படித்தான் அண்ணாச்சி" என்றான் டிரைவர். அந்த வெயில் பதினொரு நாற்காலியை மட்டும் தேடிப் பிடித்து உடைத்ததா என்று கேட்டேன். பதினொன்றையும் வண்டியிலேயே ஏற்றித் திருப்பி அனுப்பினேன்.

பதினோரு மணிக்கு நகராட்சியிலிருந்து ஆள் வந்தது. ஆணையாளர் கூப்பிடுகிறாராம். புது ஆள், முப்பது வயதுகூட இருக்காது. அறையில் மூன்று சாக்கு நிறையக் காகிதம். மக்கள் திருப்திக் கணக்கெடுப்பாம். ஆயிரத்து இருநூற்றுப் பதினாறு படிவம், ஒவ்வொன்றிலும் ஒன்பது கேள்வி, ஒன்றிலிருந்து ஐந்து வரை மார்க். ரோடு, விளக்கு, குப்பை, பூங்கா, குடிநீர், வடிகால், சந்தையில் பெண்கள் கழிப்பறை என்று வரிசையாகப் போகிறது. எதில் ஜனங்களுக்குத் திருப்தி குறைவோ, அதற்குத்தான் இந்த வருஷ நிதி. படிவம் அச்சடித்த சென்னைக் கம்பெனி பாதியில் ஓடிவிட்டது. அலுவலகத்தில் பதினாலு கம்ப்யூட்டர் இருக்கிறது. பதினாலிலும் சீட்டாட்டம் நன்றாக வரும்.

"உங்க கடையில ஒரு பட்டன அழுத்துனா ஸ்டாக் ரிப்போர்ட் வந்து விழுதாமே, சார்? வியாபாரிகள் சங்கத்துல சொன்னாங்க" என்றார்.

விழும். நானே எழுதிய மேக்ரோ. பிளாஸ்டிக் குடத்தைச் சைக்கிளில் கட்டித் தெருத்தெருவாக விற்ற தவசிலிங்கம், பத்தாவது பெயில், எக்செல்லில் எழுதியது. பி.ஈ. படித்த ஆணையாளர் அதைக் கேட்டு வாங்குகிறார். செய்து தருகிறேன் என்றேன். காபி வந்தது. கழனித் தண்ணீர்.

ஒன்றை எழுதிவைக்கிறேன். கழிப்பறை வந்தால் என் கடையை ஒட்டிய காலி இடத்தில்தான் வரும். நகராட்சி இடம். இருபத்திரண்டு வருஷமாக என் குடமும் வாளியும் அடுக்கியிருக்கிற இடம். பக்கத்தில் அது வந்தால் எவன் மூக்கைப் பொத்திக்கொண்டு நாற்காலி வாங்க வருவான்? பூங்கா வந்தால் எனக்கு நல்லது. அதற்காக நான் கணக்கில் கைவைக்கிற ஆள் இல்லை.

ஜூன் 7, புதன்

என் கடையின் கம்ப்யூட்டர் வேலையெல்லாம் ஜெனிபாவிடம். எட்டு வருஷமாக இருக்கிறாள். படிவத்தைப் பார்த்து அவள் பதிவு செய்கிறாள், நான் பக்கத்தில் உட்கார்ந்து சிரிக்கிறேன்.

இந்த ஊர் ஜனங்களின் லட்சணம் காகிதத்தில் நன்றாகத் தெரிகிறது. ஒருத்தன் ஒன்பது கேள்விக்கும் சேர்த்து மேலிருந்து கீழாக ஒரே கோடு இழுத்திருக்கிறான், எல்லாம் ஐந்து. ஒருத்தன் மார்க்குக்குப் பதிலாகத் தன் செல் நம்பரை எழுதியிருக்கிறான். கொசு ஒழிப்புக்கு நேரே ஒரு மகராசன், "கொசுவுக்குத் திருப்தி, கொசுவிடம் கேட்கவும்" என்று எழுதியிருக்கிறான். அவன் ஒருத்தனுக்குத்தான் மூளை இருக்கிறது.

மத்தியானம் வடிவு வந்து நின்றாள். சந்தையில் கீரையும் முருங்கைக்காயும் விற்கிறவள். பதினொரு வருஷமாகக் கழிப்பறைக்கு மனு எழுதுகிறாள். கலெக்டர் ஆபீஸில் திங்கட்கிழமை மனு வாங்குகிற பியூனுக்கு அவள் மகன் பெயர்கூடத் தெரியும்.

"அண்ணாச்சி, நீங்கதான் மார்க்கு கூட்டப் போறீயளாம்ல?"

"மெஷினு கூட்டும். நான் பட்டன அமுக்குவேன்."

"பாத்து அமுக்குங்க. காலைல நாலு மணிக்கு வாரோம், ரெண்டு மணிக்குப் போறோம். ஒரு மடக்குத் தண்ணி குடிக்க முடியல."

"பஸ் ஸ்டாண்டுல இருக்குல்லா?"

"போய்ட்டு வாரதுக்குள்ள ஆடு கீரையத் தின்னுட்டுப் போயிரும். ஆட்டுக்கு நீங்க சொல்லுவீயளா?"

வாய் நீளம். இதே வாயை வியாபாரத்தில் காட்டியிருந்தால் இந்நேரம் மாடி வீடு கட்டியிருப்பாள்.

ஜூன் 10, சனி

மழை இல்லை. குடம் நன்றாகப் போகிறது. ஜனங்களின் தண்ணீர்க் கஷ்டத்தில்தான் என் பிழைப்பு. மறைப்பதற்கு ஒன்றுமில்லை.

ஜூன் 12, திங்கள்

புது பைல் எதற்கு? கடையின் ஸ்டாக் பைலையே நகல் எடுத்துத் தலைப்புகளை மாற்றினேன். 'குடம்' இருந்த இடத்தில் 'குடிநீர்', 'வாளி' இருந்த இடத்தில் 'வடிகால்'. அரை மணி நேர வேலை. சென்னைக் கம்பெனி இதற்கு மூன்று மாதம் கேட்டதாம்.

மொத்த வியாபாரத்தில் எங்களுக்கு ஒரு பழக்கம். சரக்கு எழுதும்போது 'நீலக்குடம், பதினைந்து லிட்டர்' என்று ஒரு தடவைதான் எழுதுவோம். கீழே அதே சரக்கு என்றால் கட்டத்தைக் காலியாக விட்டுவிடுவோம். காலி என்றால் மேலே உள்ளதேதான். இதற்கென்றே என் மேக்ரோவில் ஏற்பாடு உண்டு. பட்டனை அழுத்தியதும் காலிக் கட்டம் ஒவ்வொன்றையும் மேலே உள்ளதைக் கொண்டு தானே நிரப்பிக்கொள்ளும். நான் எழுதியதிலேயே உருப்படியான வேலை அது.

ஜெனிபா இன்று ஒரு கேள்வி கேட்டாள். "அண்ணாச்சி, நெறையப் பேரு சில கேள்விக்கு ஒண்ணுமே போடல. அத என்ன செய்ய?"

"காலியாவே விடு. மெஷினு பாத்துக்கிடும்."

ஜூன் 14, புதன்

ஆணையாளர் அறையில் வைத்துப் பட்டனை அழுத்தினேன். நாற்பது நொடி. ஒன்பது கேள்வி, ஒன்பது சராசரி, ஒன்பது வண்ணத்தில் கம்பங்கள். மேனேஜரும் ஓவர்சியரும் மாயாஜாலம் பார்ப்பதுபோல வாயைப் பிளந்தார்கள்.

கடைசி இடம் பூங்கா. 2.1. நிதி பூங்காவுக்கு. பெண்கள் கழிப்பறை 4.25. ஒன்பதில் அதுதான் முதல் இடம்!

சிரிப்பதா காறித் துப்புவதா என்று தெரியவில்லை. பதினொரு வருஷமாக ஊரைக் கூட்டிக் கத்தினார்கள். கையில் காகிதத்தைக் கொடுத்துக் கேட்டால் பரம திருப்தி என்கிறார்கள். இந்த ஜனங்களுக்கு எது செய்தாலும் வீண். பூங்கா வார்டு கவுன்சிலர் சேர்மக்கனி வந்து எனக்குச் சால்வை போட்டார். அவருக்கு அங்கே நடைபாதையும் உடற்பயிற்சிக் கம்பிகளும் வேண்டும். அந்த வயிற்றைத் தூக்கிக்கொண்டு எந்தக் கம்பியில் தொங்கப்போகிறாரோ.

இருபத்தெட்டாம் தேதி மன்றக் கூட்டத்தில் தீர்மானம். என் காலி இடம் காலியாகவே இருக்கும்.

ஜூன் 16, வெள்ளி

செய்தி சந்தைக்குப் போய்விட்டது. வடிவு கடைக்குள் வரவில்லை. வாசலில் நின்றாள். உள்ளே கல்யாண வீட்டுக்காரர்கள் பத்து பேர் நாற்காலி பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நாலேகாலு யாரு போட்டது அண்ணாச்சி?"

"ஒங்க ஆளுவதான். அப்புறம் வானத்துலேருந்தா வந்து போட்டான்?"

"நான் அந்தக் கேள்விக்கு ஒண்ணுமே போடலியே. எங்க வரிசையில ஒருத்தியும் போடல. ரொம்பக் குறைவு, குறைவு, பரவால்ல, நல்லாருக்கு, ரொம்ப நல்லாருக்குன்னுதான் போட்டிருக்கு. இல்லன்னு சொல்ல ஒரு கட்டம் இல்ல. இல்லாத கக்கூஸுக்கு நான் என்னத்த மார்க்கு போட?"

"ஒண்ணும் போடலன்னா ஒண்ணும் வராது. போயி யாவாரத்தப் பாரு."

அவள் போகவில்லை. என் குடங்கள் அடுக்கியிருந்த காலி இடத்தைத் திரும்பி ஒரு பார்வை பார்த்தாள்.

"எடம் போயிரும்னு மெஷினுக்குச் சொல்லிக் குடுத்துட்டீயளோ?"

பத்து பேர் முன்னால். கல்யாண வீட்டுப் பெரியவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு நாற்காலியைப் பார்ப்பதுபோல நடித்தார். ஆர்டர் கொடுக்காமலே போனார்கள்.

கஞ்சன் என்று என்னைச் சொல்லியிருக்கிறார்கள். அது நிஜம். வாய்க்கொழுப்புக்காரன் என்பார்கள், அதுவும் நிஜம். அளவில் ஏமாற்றினான் என்று ஒரு நாய் சொன்னதில்லை.

ஜூன் 17, சனி

வடிவு பொய் சொல்கிறாள் என்று நிரூபிக்கத்தான் சாக்குகளைத் திரும்ப எடுத்துவரச் சொன்னேன். காலையிலிருந்து நானும் ஜெனிபாவும் கழிப்பறை பற்றிய ஏழாம் கேள்வியை மட்டும் ஒவ்வொரு படிவமாகப் பார்த்தோம்.

ஆயிரத்து இருநூற்றுப் பதினாறு பேரில் ஏழாம் கேள்விக்குப் பதில் போட்டவர்கள் மொத்தம் அறுபத்து மூன்று பேர். அதில் ஐம்பத்தெட்டு பேர் போட்டது ஒன்று. ஐந்து பேர் போட்டது ஐந்து. மற்றவர்கள் எல்லோரும் காலி.

முதல் சாக்கின் முதல் படிவம், ஆபீசர்ஸ் காலனியில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற தாசில்தார் ஒருவருடையது. எழுபத்தாறு வயது. சந்தைப் பெண்கள் கழிப்பறையில் அவருக்குப் பூரண திருப்தி, ஐந்து. எந்தக் கழிப்பறைக்குள் போய்ப் பார்த்துவிட்டு வந்தாரோ. அவருக்குக் கீழே எழுநூற்றுச் சொச்சம் காலிக் கட்டம். என் மேக்ரோ அத்தனையிலும் அவருடைய ஐந்தைக் கொண்டுபோய் ஊற்றியிருக்கிறது. நீலக்குடத்துக்குக் கீழே நீலக்குடம் என்று நிரப்புகிற மாதிரி. மற்ற நாலு ஐந்துகளும் இதே கதை. ஒன்று போட்ட ஐம்பத்தெட்டுப் பெண்களும் கடைசிச் சாக்கின் அடியில் கிடந்தார்கள்.

நூற்றி முப்பத்தெட்டாவது படிவம் வடிவுடையது. எட்டுக் கேள்விக்கு டிக். ஏழாவதில் பேனா வைத்த புள்ளிகூட இல்லை.

"நான் அன்னைக்கே கேட்டேன்லா அண்ணாச்சி" என்றாள் ஜெனிபா.

"கேட்டே, கேட்டே. அதுக்கு இப்ப தேங்கா ஒடைக்கணுமா?"

தப்பு படிவத்தில். 'இல்லை' என்று ஒரு கட்டம் வைக்காத சென்னை முட்டாள்கள் மேல்தான் தப்பு. என் பைல் தன் வேலையைச் செய்தது.

காலியைக் காலியாகவே விட்டுக் கூட்டினால் ஏழாம் கேள்விக்கு 1.3. பூங்கா அதே 2.1. அதாவது, நிதி கழிப்பறைக்கு.

ஜூன் 19, திங்கள்

ஆணையாளரைத் தனியாகப் பார்த்துச் சொன்னேன். திருத்திய பைலையும் காட்டினேன். அவர் பார்த்தது பைலை அல்ல, கதவு சாத்தியிருக்கிறதா என்பதை.

"ரிப்போர்ட் மேல போயாச்சு சார். கழிப்பறைக்கு இவ்வளவு மார்க் வேற எந்த ஊர்லயும் இல்லைன்னு பாராட்டி மெயில் வந்திருக்கு."

"கழிப்பறையே இல்லியே சார்."

"குறை இருந்தா எழுதியிருப்பாங்கல்ல? காலியா விட்டா குறை இல்லைன்னுதான அர்த்தம்?"

படிக்காதவன் செய்த தப்புக்குப் படித்தவன் காரணம் கண்டுபிடித்துக் கொடுக்கிறான். இப்படி ஒரு ஆளை நான் கடையில் வைத்திருந்தால் சாயங்காலத்துக்குள் வெளியே அனுப்பியிருப்பேன்.

வாசல்வரை வந்து தோளில் கை போட்டார். "கணக்குப் போட்டது நீங்கன்னு உங்க பேர் போட்டுத்தான் அனுப்பியிருக்கேன். இப்ப தப்புன்னா, வேணும்னே செஞ்சதாத்தான் பேசுவாங்க. அந்த இடத்துல உங்க சரக்கு வேற இருக்கு. யோசிங்க சார்."

பையன் நினைத்த அளவு மக்கு இல்லை.

ஜூன் 21, புதன்

வாயை மூடிக்கொண்டிருந்தால் ஊருக்கு நான் களவாணி. திறந்தால் ஊருக்கு நான் முட்டாள். மூன்றாவது வழி ஒன்று இருக்கும். இன்று தட்டுப்படவில்லை. குளிக்கிற மக் நாற்பது டஜன் வந்தது.

ஜூன் 24, சனி

இரண்டு நாளாக வடிவின் இடத்தில் சாக்கு விரிக்கவில்லை. நிம்மதி என்று நினைத்தேன்.

ஜெனிபாதான் சொன்னாள். வியாழக்கிழமை சந்தையிலேயே குளிர் ஜுரத்தில் நடுங்கி விழுந்திருக்கிறாள். கவர்மெண்டு ஆஸ்பத்திரியில் படுக்கை. சிறுநீரில் கிருமி, கிட்னிவரை ஏறிவிட்டதாம்.

"டாக்டரம்மா ஏசிருக்காவ. நாளைக்கு மூணு லிட்டர் தண்ணி குடிக்கணுமாம். இது ரெண்டாவது தடவையாம். இன்னொரு தடவை வந்தா கிட்னி தாங்காதாம்."

"குடிக்க வேண்டியதுதான?"

ஜெனிபா கீபோர்டிலிருந்து கையை எடுத்தாள். என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். சம்பளம் வாங்குகிற ஆள் முதலாளியை அப்படிப் பார்க்கக் கூடாது.

ஆஸ்பத்திரிக்கு நான் போகவில்லை. அந்தப் பக்கம் ஒரு வசூல் இருந்தது, அதனால் வாசல்வரை போனேன். எட்டு இளநீர் வாங்கி, பெயர் சொல்லாமல் உள்ளே கொடுக்கச் சொன்னேன். ஆயா என்னைத் தெரிந்தவள்போல, "குடத்துக் கடை அண்ணாச்சி குடுத்தாவன்னு சொல்லிருதேன்" என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டே போனாள். இந்த ஊரில் ஒரு வேலையை எவளாவது ஒழுங்காகச் செய்கிறாளா?

ஜூன் 26, திங்கள்

வியாபாரிகள் சங்கத்துக்கு மன்றக் கூட்டத்தில் பேச ஐந்து நிமிஷம் உண்டு. இதுவரை ஒருவனும் கேட்டதில்லை. எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். என் மனைவிக்கு விஷயம் தெரியும். "எடத்த விட்டுட்டு வாளிய எங்க வைப்பீய, என் தலையிலயா?" என்றாள். அவள் வியாபாரி மகள். கேள்வி சரியான கேள்வி.

ஜூன் 28, புதன்

மன்றத்தில் இருபத்தோரு கவுன்சிலர். பதினொரு பேர் பெண்கள். அவர்களுக்குப் பின்வரிசையில் பதினொரு புருஷன்மார். தலையாட்டு என்றால் முன்வரிசை ஆட்டும். ஜனநாயகம் இப்படித்தான் இந்த ஊரில் நடக்கிறது.

பூங்கா தீர்மானம் வாசிக்கப்போகும்போது எழுந்தேன். லேப்டாப்பைத் திரையில் மாட்டினேன். ஆணையாளர் என்னைப் பார்த்துக் கண்ணாலேயே வேண்டாம் என்றார். புதிதாக ஒரு பக்கம் திறந்து இரண்டு வரிசை போட்டேன். முதல் வரிசையில் பழைய சேர்மன் பெயர். மனைவிகள் எண்ணிக்கை, இரண்டு. அது ஊரறிந்த விஷயம். இரண்டாவது வரிசையில் சேர்மக்கனி பெயர்.

"கவுன்சிலர், ஒங்களுக்கு எத்தன?"

"என்னய்யா கேள்வி இது? சபையில கேக்கிற கேள்வியா?"

"சொல்ல வேண்டாம். காலியாவே விடுதேன்." பட்டனை அழுத்தினேன்.

சேர்மக்கனிக்கு நேரே 2 என்று வந்து நின்றது.

மன்றம் குலுங்கியது. பின்வரிசைப் புருஷன் ஒருவர், "சின்ன வீட்டம்மாவுக்கு எந்த வார்டு?" என்று கத்தினார். சேர்மக்கனி மேஜையைத் தட்டினார். "ஏய், அத மொதல்ல அழியும்! எம் பொண்டாட்டி காதுல விழுந்தா வீட்டுல சோறு கெடையாது!"

"நீங்க ஒண்ணும் சொல்லல. அதனால மேல உள்ளவரு மாதிரிதான்னு மெஷினு எடுத்துக்கிட்டு. இதே மாதிரிதான் ஆயிரத்துச் சொச்சம் பேரு வாயத் திறக்காததுக்கு, ரிட்டயர்டு தாசில்தார் மாதிரி நாலஞ்சு பேரோட மார்க்க எடுத்துப் போட்டிருக்கு. நாலேகாலு வந்த கதை இதான்." திருத்திய கணக்கைத் திரையில் போட்டேன். 1.3.

சிரிப்பு நின்றது. சேர்மக்கனி விவரமானவர், உடனே பிடித்தார்.

"அப்ப தப்புப் பண்ணுனது நீருதான?"

"நான்தான்."

"அந்த எடத்துக்காகத்தான பண்ணுனீரு?"

"இல்ல. மடத்தனமாப் பண்ணுனேன். குடத்துக்குப் போட்ட கணக்க மனுசருக்குப் போட்டேன்."

இருபத்திரண்டு வருஷத்தில் இந்த ஊரில் என்னைப் பற்றி நானே சொன்ன கெட்ட வார்த்தை இது ஒன்றுதான். நாளைக்கு இதைச் சொல்லிச் சிரிக்காத டீக்கடை இருக்காது.

"காலியா விட்டா வேண்டாம்னுதான அர்த்தம்" என்று சேர்மக்கனி ஆரம்பித்தார். ஆணையாளர் சொல்லிக்கொடுத்த பாடம். அப்போது நாலாம் வார்டு அந்தோணியம்மாள் எழுந்தது. மூன்று வருஷமாகக் கையெழுத்துக்கு மட்டும் கை நீட்டிய பெண். பின்னாலிருந்து புருஷன், "உக்காரு, உக்காரு" என்றான்.

"இந்த மன்றத்துல பொம்பளைகளுக்கு உள்ள கக்கூஸுல தாப்பா கெடையாது" என்றது அந்தோணியம்மாள். "கூட்டத்துக்கு வார அன்னைக்கு நான் தண்ணி குடிக்கதில்ல. மூணு வருசமா இதப் பத்தி நான் ஒண்ணும் சொல்லல. அப்ப எனக்குத் தாப்பா வேண்டாமா சேர்மக்கனியண்ணே?"

புருஷன் வாயை மூடினான். மற்றப் பத்துப் பெண்களும் பின்னால் திரும்பிப் பார்க்கவில்லை. வாக்கெடுப்பில் பதினாலுக்கு ஏழு. கழிப்பறை.

வெளியே வரும்போது ஆணையாளர், "உங்களால எனக்கு மெமோ வரும்" என்றார். காலியாக விட்டுவிடுங்கள், மேலே உள்ளவரே நிரப்பிக்கொள்வார் என்றேன்.

ஜூன் 29, வியாழன்

பக்ரீத். ஜெனிபா லீவு. பிரியாணி கொடுத்தனுப்பியிருந்தாள். டீக்கடையில் எதிர்பார்த்தபடியே. எனக்கு 'நீலக்குடம்' என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

ஜூலை 13, வியாழன்

காலையில் குடத்தையும் வாளியையும் காலி இடத்திலிருந்து எடுத்தேன். பாதி மொட்டை மாடிக்கு, பாதி வீட்டுக்கு. வராண்டாவில் எண்பது வாளி நிற்கிறது.

பத்து மணிக்கு ஓவர்சியரும் சுண்ணாம்பு போடுகிற ஆளும் டேப்போடு வந்தார்கள். வடிவும் வந்தாள். உடம்பு பாதியாகிவிட்டது, வாய் அப்படியே இருக்கிறது.

"ரெண்டு அறைதான் வரும்" என்றார் ஓவர்சியர். "மூணு அறை, தண்ணித் தொட்டியோட வைக்கணும்னா அகலத்துல ஒண்ணரை அடி குறையுது. அந்தப் பக்கம் சாக்கடை. இந்தப் பக்கம் அண்ணாச்சி பட்டா."

"நூத்தம்பது பொம்பளைக்கு ரெண்டு அறையா?" என்றாள் வடிவு. "நாங்க டோக்கன் வாங்கிக்கிட்டு நிக்கணுமோ?"

கேள்வி ஓவர்சியருக்கு. பார்வை என் மேல்.

சுண்ணாம்பு போடுகிறவன் சுத்தத் தற்குறி. டேப்பைப் பிடிக்கவும் தெரியவில்லை, இழுக்கவும் தெரியவில்லை. முளையை என் பட்டாவுக்கு வெளியே அடிக்க வேண்டியவன், நான் ஏணி சாத்துகிற சந்துக்குள் கொண்டுபோய் அடித்தான். அங்கிருந்து நூலைக் கட்டிக் கோட்டை நேராக இழுத்துக்கொண்டே போனான். ஓவர்சியர் என்னைப் பார்த்தார்.

"அண்ணாச்சி, கோடு..." என்றாள் வடிவு.

"ஒன் சோலியப் பாரு."

நகராட்சி ஆட்களிடம் ஒரு வேலையைக் கொடுத்தால் இப்படித்தான். ஒன்றரை அடி என் பக்கம் வந்துவிட்டது. அந்த நேரத்தில் நான் நாற்காலி எண்ணிக்கொண்டிருந்தேன், கவனிக்கவில்லை.